வேலைக்குப் போறதுக்கான மாத்திரை

போன மாதம் ஹட்டனில் நடந்த உளவளத்துணைப் பயிற்சிப் பட்டறையின் தேநீர் இடைவேளையில் உங்களில் ஒருவர் என்னிடம் வந்து ஒரு கேள்வி கேட்டார்.

"மிஸ், என்னோட குழுவில ஒருத்தர் வாயே திறக்க மாட்டேங்கிறாரு. ஏதாவது கேட்டா எழும்பி வெளிய போயிடுறாரு. அவர எப்படிப் பேச வைக்கிறது?"

"பேச வைக்க வேண்டாம். முதல்ல அவரோட கையத் தொட்டுப் பாருங்க" என்றேன்.

நான் அன்பைப் பற்றியும் அரவணைப்பைப் பற்றியும் சொல்கிறேன் என்று நினைத்து அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். நான் சொன்னது அதுவல்ல. கை குளிர்ந்திருக்கிறதா, நாடி எப்படி ஓடுகிறது என்று பார்க்கச் சொன்னேன். அதை அங்கே நின்றபடி விளக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். இதில் வரும் அம்மாவிடம் அனுமதி கேட்டுவிட்டேன். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். அவர் இன்று நலமாக இருக்கிறார் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் இதைப் படிக்கும் சிரமம் உங்களுக்கு வேண்டாம். அந்தச் சிரமத்தை நான் ஒரு புதன்கிழமை முழுக்க அனுபவித்தவள்.

நான் வேலை செய்த வைத்தியசாலை பெரியதல்ல. சுற்றியுள்ள தோட்டங்களுக்கும் கடைத்தெருவுக்கும் அது ஒன்றுதான். அங்கே நான் உளவளத்துணையாளராக இருந்தேன். நடந்தது என் ஆரம்ப காலத்தில் அல்ல. ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்புதான். ஆகவே இதை அனுபவமில்லாத பெண் செய்த பிழை என்று நினைத்துவிடாதீர்கள். அனுபவம் இருந்ததால்தான் இந்தப் பிழை நடந்தது.

அப்போது எங்களுக்குப் புதிதாக ஒரு பொது வைத்திய நிபுணர் வந்திருந்தார். சிங்களவர்; என்னைவிடப் பல வயது இளையவர். வந்த சில மாதங்களிலேயே தமிழில் கதைக்கத் தொடங்கிவிட்டார். இலக்கணம் முன்னே பின்னே இருக்கும், ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லாமல் விடமாட்டார். ஒருநாள் கிளினிக் முடிந்ததும் ஒரு கட்டுப் புத்தகங்களோடு என் அறைக்கு வந்தார். எல்லாம் வயிற்றுப் புண் நோயாளர்களுடைய கிளினிக் புத்தகங்கள்.

"மிஸ், இந்த ஆளுங்க திரும்பத் திரும்ப வாறாங்க. கிருமிக்கு மருந்து குடுத்தேன். சுகமாகுது. கொஞ்ச மாசம் போன பிறகு திரும்ப அதே வலி, அதே புண். சாப்பாட்டு நேரம் கேட்டா சிரிக்கிறாங்க. தூக்கம் கேட்டா பேசாம இருக்கிறாங்க. எனக்கு ஒரு ஆளுக்கு அஞ்சு நிமிஷம். உங்களுக்கு ஒரு மணித்தியாலம் இருக்கு."

கிழமைக்கு ஒரு நாள், எட்டுப் பேர், இரண்டு மாதம் என்று முடிவு செய்தோம். மனப் பாரத்தை இறக்கி வைக்க ஓரிடம், பதற்றத்தைத் தணிக்கும் சுவாசப் பயிற்சி, கோபம், தூக்கம், நேரத்துக்குச் சாப்பிடுவது, மருந்தை இடையில் நிறுத்தாமல் இருப்பது ஆகியவற்றைக் குழுவாகப் பேசிப் பார்ப்பதுதான் திட்டம். போகும்போது அவர் கதவருகில் நின்று சொன்னார்:

"ஒண்டு மட்டும் மறக்க வேணாம் மிஸ். கதைச்சா மனுஷன் சுகமாவான். கதைச்சா மட்டும் புண் ஆறாது."

"தெரியும் டொக்டர்" என்றேன். உண்மையிலேயே தெரியும். ஆனால் மூன்றாம் கிழமைக்குள் மறந்துவிட்டேன்.

மறந்ததற்குக் காரணம், குழு நன்றாக நடந்ததுதான். கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருந்த ஹனீபா நானா முதல் நாள் கைகளைக் கட்டிக்கொண்டு, "நமக்கு மண்டையில ஒண்டும் இல்ல மிஸ், வயித்துலதான் கோளாறு" என்றவர். இரண்டாம் கிழமை, தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லாமல் போனதைச் சொல்லத் தொடங்கி, பாதியில் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டார். மூன்றாம் கிழமை சிரித்துக்கொண்டே வந்தார். "மூணு நாளா நல்லாத் தூங்குனேன் மிஸ். வயிறு சத்தமே போடல்ல." மற்றவர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். எனக்குக் கால் தரையில் படவில்லை. வாய் திறந்தால் வயிறு ஆறிவிடும் என்று மெல்ல மெல்ல நம்பத் தொடங்கியிருந்தேன். வாய் திறக்காத ஒருவர்தான் எனக்கு மிச்சமிருந்த வேலையாகத் தெரிந்தார்.

அவர்தான் புஷ்பம். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் கொழும்பில் வேலை, மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார். தங்கச்சி குடும்பம் அதே லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பராவில். இதெல்லாம் கிளினிக் புத்தகத்திலிருந்தும் தனியாகக் கேட்டும் தெரிந்துகொண்டவை. குழுவில் அவர் சொன்னது தன் பெயரை மட்டுந்தான்.

இங்கேதான் என் முதல் பிழை. குழுவுக்கு ஆட்களைச் சேர்த்தபோது பெயர், வயது, நோய் எல்லாம் பார்த்தேன். யார் எந்தத் தோட்டம் என்று பார்க்கவில்லை. முதல் நாள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்த பிறகு கடைசியாக ஒருவர் உள்ளே வந்தார். முழுக்கால்சட்டை, கையில் குடை. அவர் வந்ததும் புஷ்பம் சட்டென்று எழுந்து நின்றார். வந்தவர் அதே தோட்டத்தின் கண்டாக்கு; மலையில் வேலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தர். புஷ்பம் தினமும் யாருடைய சத்தத்துக்குக் கொழுந்து பறித்தாரோ, அவர்.

எனக்கு விளங்கியது. அந்த நிமிடமே இருவரில் ஒருவரை வேறு நாளுக்கு மாற்றியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? புன்னகை செய்துகொண்டு, "உக்காருங்க புஷ்பம். இங்க எல்லாரும் சமம்" என்றேன்.

நான் சொன்னால் சமமாகிவிடுமா? ஒரு மணித்தியாலம் சமமாக இருந்துவிட்டு, மறுநாள் காலை ஏழு மணிக்குப் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் அவர் முன்னால்தானே போய் நிற்க வேண்டும்? அது என் நாக்குக்கு மிகவும் சுலபமான வார்த்தையாக இருந்தது. புஷ்பம் உட்கார்ந்தார், கதவுக்குப் பக்கத்துக் கதிரையில். அதன் பிறகு ஒவ்வொரு கிழமையும் அந்தக் கதிரைதான்.

நான்காம் புதன்கிழமை. காலையிலிருந்து மழைத் தூறல். பனி மூட்டம் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் சுவெட்டரும் மப்ளருமாக வந்திருந்தார்கள். அன்று பேச எடுத்தது 'நாம் விழுங்கிக்கொள்ளும் கோபம்'. கண்டாக்கையா நன்றாகப் பேசுவார். மேலே தோட்ட நிர்வாகியான துரையிடமும் கீழே ஆட்களிடமும் மாட்டிக்கொண்டு நடுவில் நிற்பதைப் பற்றிச் சொன்னார். போன வருடம் தானும் இரத்தம் போய்ப் படுத்துக் கிடந்ததைச் சொன்னார். அப்போது புஷ்பம் எழுந்து வெளியே போனார். கழிப்பறை நடையின் கோடியில். ஐந்து நிமிடத்தில் வந்தார். பிறகு ஹனீபா நானா பேசினார். புஷ்பம் மறுபடி எழுந்து போனார்.

என் மடியில் ஒரு குறிப்புப் புத்தகம் இருந்தது. அதில், கண்டாக்கு பேசும்போதெல்லாம் எழுந்து போகிறார், கோபம் என்ற பேச்சு வந்தால் எழுந்து போகிறார் என்று எழுதி, கீழே ஒரு சொல்லுக்குக் கோடும் போட்டேன்: தவிர்க்கிறார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட. இதோ, திறக்கப் போகிறது என்று.

மூன்றாம் தடவை அவர் எழ முயன்றபோது நான் கையைக் காட்டினேன்.

"புஷ்பம், இந்தத் தடவ போகாம ஒரு அஞ்சு நிமிஷம் இருந்து பாருங்களேன். உள்ளுக்க என்ன செய்யுதோ, அதோடயே கொஞ்சம் இருங்க. நாங்க எல்லாரும் கூட இருக்கோம்."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். அவர் எதிர்க்கவில்லை. சொன்னதைக் கேட்டுப் பழகிய பெண். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாரும் கண்ண மூடுங்க. மூச்ச மெதுவா இழுங்க" என்றேன்.

அறை அமைதியானது. எட்டுப் பேரும் மூச்சை இழுத்து விடும் சத்தம். அதற்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. கண்டாக்கையா கண்ணை மூடவில்லை.

"மிஸ்."

"ஐயா, கொஞ்சம் பொறுங்க. பயிற்சி முடியட்டும்."

"மிஸ், நாங்க எல்லாம் சுவெட்டரப் போட்டுக்கிட்டு நடுங்கிக்கிட்டு இருக்கோம். இந்தப் பொம்பளைக்கு மட்டும் ஏன் வேர்க்குது?"

எனக்கு முதலில் வந்தது எரிச்சல், அதை மறைக்காமல் சொல்கிறேன். மலையில்தான் அதிகாரம் என்றால் இங்கேயும் வந்து அவளைக் கண்காணிக்க வேண்டுமா என்று நினைத்தேன். ஒரு நொடி, இரண்டு நொடிதான். ஆனால் அந்த இரண்டு நொடியும் என்னுடையவை. இன்னொருவர் தலையில் கட்ட முடியாது.

கண்டாக்கையா என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எழுந்தார். அவர் எழுந்த சத்தம் கேட்டுப் புஷ்பம் கண்ணைத் திறந்தார். கண்டாக்கு எழுந்து நிற்கிறார், தான் உட்கார்ந்திருக்கிறோம். இத்தனை வருடப் பழக்கம். அவரும் எழுந்து நிற்கப் பார்த்தார். பாதி எழுந்ததும் கண் செருகி, அப்படியே பக்கவாட்டில் சரிந்தார். பக்கத்தில் இருந்த ஹனீபா நானா பிடித்திராவிட்டால் தலை சீமெந்துத் தரையில் மோதியிருக்கும்.

ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். ஓடைத் தண்ணீரில் கிடந்த கல் மாதிரி இருந்தது. நாடி எங்கே என்று தேட வேண்டியிருந்தது; கிடைத்தபோது நூல் மாதிரி மெலிந்து, எண்ண முடியாத வேகத்தில் ஓடியது. முகத்தில் இரத்தமே இல்லை. சேலையின் பின்பக்கம் கறுப்பாக ஒரு ஈரம். தாரைப் போல.

கண்டாக்கையா அதைப் பார்த்தார். "எனக்கும் இப்பிடித்தான் மிஸ் கறுப்பாப் போச்சு" என்றார். "இது ரத்தம்."

அந்தக் கட்டடத்திலிருந்து அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக முப்பது முப்பத்தைந்து படி இறங்க வேண்டும். மலைநாட்டில் எது சமதரையில் இருக்கிறது? தள்ளுவண்டி சுற்றி வர நேரமாகும். "கதிரையோட தூக்குவம்" என்றார் ஹனீபா நானா. அவரும் கண்டாக்கையாவும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்க, இன்னொருவர் பின்னால் தலையைத் தாங்க, மழைத் தூறலில் வழுக்கும் படிகளில் இறங்கினார்கள். நான் முன்னால் ஓடினேன்.

இப்போது சொல்லப்போவதுதான், இதை எழுத உட்கார்ந்ததற்கே காரணம். கவனித்துப் படியுங்கள்.

அவசரப் பிரிவில் அன்று இருந்தவர் இளம் டொக்டர். என்னை அவருக்குத் தெரியும். கதிரையில் மயங்கிக் கிடந்த பெண்ணையும், பின்னால் வந்த குழுவையும் பார்த்துவிட்டு, மெல்லக் கேட்டார்: "மிஸ்ஸோட குரூப்ல இருந்தா வாறாங்க? பதற்றம் கூடி மயங்கிட்டாங்களா?"

அவரைக் குறை சொல்ல முடியாது. உளவளத்துணை அறையிலிருந்து மயங்கி வரும் ஒருவரைப் பற்றி யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். என் முன்னால் இரண்டு வழி இருந்தது. "என்னவோ தெரியல, திடீர்னு விழுந்துட்டாங்க" என்று சொல்லலாம். அது பொய்யும் அல்ல. அப்படிச் சொல்லியிருந்தால் அவர் முதலில் இரத்த அழுத்தம் பார்ப்பார், சீனி பார்ப்பார், என்னவென்று யோசிப்பார். கடைசியில் கண்டுபிடித்துவிடுவார்தான். ஆனால் நேரம் போகும். என் பெயர் மட்டும் தப்பும்.

அத்தனை பேர் முன்னால் சொன்னேன்:

"இல்ல டொக்டர். ரத்தம் போகுது. வயித்துப் புண் நோயாளர். ஒரு மணித்தியாலத்துக்குள்ள ரெண்டு தரம் கழிப்பறைக்குப் போனாங்க. மூணாந்தரம் போகப் பார்த்தாங்க, நான்தான் விடாம உக்கார வச்சேன். மனசுல உள்ளதத் தவிர்க்கப் போறாங்கன்னு நினைச்சேன். சேலையில பாருங்க, கறுப்பா இருக்கு."

அவர் முகம் மாறிய வேகத்தை நான் மறக்க மாட்டேன். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு கைகளிலும் ஊசி ஏற்றச் சொன்னார், இரத்த வகை பார்க்கச் சொன்னார், நிபுணருக்கு அழைப்பு எடுக்கச் சொன்னார். எல்லாம் ஒரே மூச்சில். திரைச்சீலையை இழுத்தார்கள். நாங்கள் வெளியே நின்றோம்.

பிழை செய்யாமல் இந்த வேலையில் யாரும் ஓய்வு பெற முடியாது. ஆனால் பிழையை எப்போது சொல்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. அறிக்கையில் எழுதும்போது சொன்னால் அது நேர்மை. நோயாளர் உயிரோடு இருக்கும்போதே சொன்னால், அது சிகிச்சை.

நடையில் ஒரு நீளமான வாங்கு. அதில் நானும் கண்டாக்கையாவும் ஹனீபா நானாவும் உட்கார்ந்திருந்தோம். நிபுணர் வேகமாக வந்து உள்ளே போனார். பிறகு தள்ளுவண்டியில் புஷ்பத்தைக் கமரா விட்டுப் பார்க்கும் அறைக்குக் கொண்டுபோனார்கள். இரத்தப் பையொன்று மேலே தொங்கியது. தங்கச்சிக்குத் தகவல் சொல்லியாகிவிட்டது. பஸ் பிடித்து வர வேண்டும். அந்த வளைந்த பாதையில் எப்போது வந்து சேர்வாரோ.

பிறகு கண்டாக்கையா தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"நேத்து மலையில ரெண்டு தடவ குந்திருச்சு மிஸ். நான் சத்தம் போட்டேன். வேலைக்கு வந்தியா, குந்த வந்தியான்னு கேட்டேன். எந்திரிச்சு மறுபடி பறிக்கப் போயிருச்சு."

"இன்னைக்கு நானும் உக்காருன்னு சொன்னேன் ஐயா. அவங்களும் உக்காந்துட்டாங்க" என்றேன்.

ஹனீபா நானா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் இப்ப அழுது என்னத்துக்கு? அந்தப் பிள்ள உள்ளுக்க உசிரோட இருக்கு. துவா செய்ங்க" என்றார். கண்டாக்கையா உடனே கைகளைக் கூப்பிக்கொண்டார். நான் என்ன செய்தேன் என்று நினைவில்லை. அந்தச் சுவரின் நீல நிறத்தை மட்டும் இப்போதும் தெளிவாகச் சொல்வேன்.

நிபுணர் வெளியே வந்தபோது முகக் கவசத்தைக் கழற்றிவிட்டு முதலில் ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு தலையை ஆட்டினார்.

"நிண்டுட்டுது. ரத்தம் நிண்டுட்டுது. புண்ணுக்குள்ள ஒரு நாளம் வெடிச்சிருக்கு, கிளிப் போட்டேன். சரியான நேரத்துக்குக் கொண்டுவந்தீங்க."

கண்டாக்கையா வாங்கில் இருந்தபடியே குனிந்து குலுங்கினார். ஹனீபா நானா அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். சரியான நேரம் என்று நிபுணர் சொன்னது என் காதில் சரியாகவே ஏறவில்லை. பத்து நிமிடம் முன்னாலும் கொண்டு வந்திருக்கலாமே.

மறுநாள் பிற்பகல் வாட்டுக்குப் போனேன். போகும்போதே என்ன பேசுவது என்று யோசித்து வைத்திருந்தேன். அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது. நான் கதிரையை இழுத்துப் போட்டு, முன்னுரை இல்லாமல் சொன்னேன்:

"புஷ்பம், நேத்து நான் பிழை விட்டுட்டேன். உங்கள வெளிய போக விடல. மன்னிச்சுக்கோங்க."

அவர் திகைத்துவிட்டார். "ஐயோ, என்னங்க மிஸ் நீங்க" என்றார். பிறகு கொஞ்ச நேரம் போர்வையின் விளிம்பை நீவிக்கொண்டிருந்தார். "எனக்கே தெரியலைங்களே. ரெண்டு நாளா கறுப்பாத்தான் போச்சு. கீரை தின்னதால இருக்கும்னு விட்டுட்டேன்."

"வலி இல்லையா?"

"வலி எப்பயும் உள்ளதுதானுங்களே. இந்த வலியவிட முதுகு வலிதான் பெருசு. அதுக்குத்தான் காலையில மாத்திரை போடுறது."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "என்ன மாத்திரை?"

"கடையில குடுக்குற வலி மாத்திரை. காலையில ஒரு பிளேன்டீயோட ரெண்டு. மத்தியானம் கொழுந்து எடை போட்டுட்டு ஒண்ணு. இல்லாட்டி கூடையத் தூக்க ஏலாதுங்க."

"புஷ்பம், கிளினிக்ல ஒவ்வொரு தரமும் கேட்டாங்களே, வேற மருந்து ஏதாவது எடுக்குறீங்களான்னு. இல்லன்னு சொன்னீங்களே."

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். அவர் பொய் சொல்லவில்லை. நான்தான் விளங்காதவள் என்பது போல ஒரு பார்வை.

"அது மருந்தில்ல மிஸ். அது வேலைக்குப் போறதுக்கு."

வயிற்றை அரிக்கும் அந்த மாத்திரை, வெறும் வயிற்றில், தினமும், வருடக்கணக்காக. கிருமிக்கு எத்தனை தரம் மருந்து கொடுத்தாலும் புண் ஏன் திரும்பி வந்தது என்ற கேள்விக்கு அந்தக் கட்டிலில் பதில் கிடைத்தது. சுவாசப் பயிற்சிகளுக்கும், 'விழுங்கிய கோபத்துக்கும்' இடையே நான் அதைத் தேடிக்கொண்டிருந்தேன். குழுவிலேயே அதைச் சொல்லியிருப்பாரா? கேட்டேன்.

"கண்டாக்கையா முன்னுக்கு எப்படிங்க சொல்றது? முதுகு ஏலாதுன்னு தெரிஞ்சா அந்த மலையில இருந்து எடுத்து வேற வேலைக்குப் போட்டுருவாங்க. என் செட்டு எல்லாம் அங்கதான் இருக்கு. இருபது வருஷமா ஒண்ணாப் பறிக்கிறோம். நீங்களும் அவருகிட்ட சொல்லிப்புடாதீங்க மிஸ்."

"அவருகிட்ட சொல்ல மாட்டேன். டொக்டர்கிட்ட சொல்லலாமா? சொன்னாத்தான் இது திரும்ப வராம இருக்கும்."

யோசித்தார். "டொக்டருக்குச் சொல்லுங்க" என்றார்.

அன்றே நிபுணரிடம் போனேன். மாத்திரையைப் பற்றிச் சொன்னேன். கூடவே என் குறிப்புப் புத்தகத்தையும் திறந்து, கோடு போட்ட அந்தச் சொல்லைக் காட்டினேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்; திட்டினால் கொஞ்சம் இலேசாகும் என்றும் இருந்தது. அவர் அதைப் படித்தார். பிறகு மேசையிலிருந்த ஒரு கிளினிக் புத்தகத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினார். புஷ்பத்தினுடையது. ஒவ்வொரு பக்கத்திலும் அவர் கையெழுத்தில் அதே வரி: வேறு மருந்துகள் இல்லை.

"நீங்க ஒரு தரம் எழுதினீங்க. நான் எத்தன தரம் எழுதியிருக்கேன், பாருங்க. நான் கேட்ட கேள்வி பிழை, மிஸ்."

அதற்குப் பிறகு அவர் கிளினிக்கில் கேள்வியை மாற்றினார். "வேலைக்குப் போறதுக்கு என்ன மாத்திரை போடுவீங்க?" என்று கேட்டார். நான் அடுத்த புதன்கிழமை அதே கேள்வியைக் குழுவில் கேட்டேன். அது புஷ்பத்திடமிருந்து வந்த கேள்வி என்று சொல்லவில்லை. அவர் தேறி வருகிறார் என்பதை மட்டும் சொன்னேன். அன்று கண்ணை மூடச் சொல்லவில்லை. முதலில் ஒவ்வொருவரிடமும் போய், காலையில் என்ன சாப்பிட்டார்கள், வெளிக்கு என்ன நிறத்தில் போனது, தலை சுற்றியதா என்று கேட்டேன். கோபமும் தூக்கமும் பிறகுதான்.

மாத்திரைக் கேள்விக்கு முதலில் பதில் சொன்னவர் கண்டாக்கையா. சட்டைப் பையில் கைவிட்டு ஓர் அட்டையை எடுத்தார். பாதி மாத்திரை தீர்ந்திருந்தது.

"முழங்காலுக்கு. மலை ஏறி எறங்கணுமே. போன வருஷம் ரத்தம் போன பிறகும் நான் நிறுத்தல மிஸ். எனக்கு முட்டி ஏலாதுன்னு துரைக்குத் தெரிஞ்சா ஆபீஸ்ல தூக்கிப் போட்டுருவாரு."

ஹனீபா நானா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "அட, நான் மட்டும்தான் களவா முழுங்குறன் எண்டு நினைச்சன்!" அவருக்குத் தலைவலி. ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பாதிக்கு மேற்பட்டோர் ஏதோ ஒன்றை விழுங்கிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் அது மருந்து இல்லை. நான்கு கிழமையாகக் குழுவில் நடந்த அழுகையிலும் சிரிப்பிலும் வெளிவராதது, ஒரு சரியான கேள்வியில் வந்தது. அதேநேரம் இதையும் சொல்ல வேண்டும்: அந்த நான்கு கிழமை இல்லாவிட்டால் கண்டாக்கையா பைக்குள் கை விட்டிருக்க மாட்டார். குழு வீணில்லை. நான்தான் அதனிடம் தவறான வேலையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வலிக்கு வயிற்றைக் கெடுக்காத வேறு வழிகள் உண்டு. நிபுணர் அதைப் பார்த்துக்கொண்டார். உடற்பயிற்சிச் சிகிச்சைப் பிரிவிலிருந்து ஓர் இளம்பெண் வந்து கூடையை எப்படி ஏற்றி இறக்குவது என்று குழுவுக்குக் காட்டினார்.

புஷ்பம் வீட்டுக்குப் போகும் முன் நான் கேட்டேன், குழுவுக்குத் திரும்ப வர விருப்பமா, கண்டாக்கையாவை வேறு நாளுக்கு மாற்றட்டுமா என்று. முதல் நாள் கேட்க வேண்டியதை இத்தனைக்குப் பிறகு கேட்டேன். கண்டாக்கையா ஏற்கெனவே சம்மதித்திருந்தார்.

"வேணாங்க" என்றார் புஷ்பம். "அவரு கண்ண மூடாததாலதான் நான் இருக்கேன். அவரும் வரட்டும். ஆனா தோட்டத்துக் கத எதுவும் நான் சொல்ல மாட்டேன். சரிங்களா?"

"சரி" என்றேன். என்ன சொல்வது, என்ன சொல்லாமல் விடுவது என்பது அவருடைய உரிமை. அதை ஒரு நோய்க்குறியாக நான் மறுபடி எழுதவில்லை.

அவர் வந்தார். தோட்டத்துக் கதை சொல்லவில்லை. மகளைப் பற்றிச் சொன்னார், கணவர் தொலைபேசியில் பேசும்போது வரும் பயத்தைச் சொன்னார். ஒருநாள் தானாகவே, எல்லோர் முன்னாலும், "எனக்கு முதுகு ஏலாதுங்க ஐயா" என்று கண்டாக்கையாவைப் பார்த்துச் சொல்லிவிட்டார். அவர், "எனக்கும் முட்டி ஏலாது" என்றார். புஷ்பத்தை அந்த மலையிலிருந்து எடுக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, புண் ஆறிவிட்டதா என்று மறுபடி கமரா விட்டுப் பார்த்தார்கள். குழு அதற்குள் முடிந்துவிட்டிருந்தது. ஆனாலும் ஹனீபா நானா கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். கண்டாக்கையா அரைநாள் லீவு போட்டிருந்தார். புஷ்பத்தின் தங்கச்சியும் நானுமாக எல்லோரும் அதே வாங்கில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

நிபுணர் கையில் ஒரு படத்தோடு வெளியே வந்தார். பின்னாலேயே புஷ்பம், வாயைத் துடைத்துக்கொண்டு. படத்தில் இளஞ்சிவப்பு நடுவே, வெள்ளையாக, நகக்கண் அளவில் ஒரு தழும்பு.

"ஆறிட்டுது" என்றார் நிபுணர். "முழுசா ஆறிட்டுது."

புஷ்பம் அந்தப் படத்தை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இம்புட்டூண்டுதானா?" என்றார். "இதுக்கா அன்னைக்கு என்னையக் கதிரையோட தூக்கிக்கிட்டு ஓடுனீங்க?"

முதலில் சிரித்தது நிபுணர்தான். பிறகு அந்த நடையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். தாதி ஒருவர் எட்டிப் பார்த்து, சத்தம் போட வேண்டாம் என்று கையைக் காட்டினார். எங்களால் நிறுத்த முடியவில்லை.